யாருடைய சோத்தாங்கை?

உங்கள் கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது. எதிரில் இருப்பவர் என்ன செய்வார்? தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். நீங்கள் தப்பான கன்னத்தைத் துடைப்பீர்கள். "அந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்பார். நீங்கள் நெற்றியைத் துடைப்பீர்கள். கடைசியில் பருக்கை தானாக விழும்.

மேல்வீட்டு அக்காவிடம் இந்தக் கூத்தெல்லாம் நடக்காது. "அம்மணி, உன்ற சோத்தாங்கைப் பக்கம், வாயோரம்" என்பார். கை நேராக அங்கே போய் நிற்கும். பொங்கல் விருந்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியமே அதுதான்.

சோத்தாங்கை என்றால் சோறு தின்னும் கை, வலது. அவர் ஊர்ப்பக்கம் இடது கைக்கு நொட்டாங்கை. நான் சென்னைக்காரி, எங்கள் வீட்டில் அது பீச்சாங்கை, விருந்தாளிகள் இருந்தால் அதையும் சொல்ல மாட்டோம். வலது இடது என்று சொல்லித் தொலைக்கலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "வலதுன்னா யாரு வலது? சோத்தாங்கைன்னு சொன்னா, சோறு திங்கறவ எவளோ அவளோடது" என்றார்.

டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில், ஊரிலிருந்து புதிதாக வந்திறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் வந்து விழுகிற அபார்ட்மெண்ட் ஒன்றில் நாங்கள் கீழ்வீடு, அவர் மேல்வீடு. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கணவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் சில வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு இங்கத்துப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி மறுபடி டாக்டரானார். வார நாளில் ஒரு கிளினிக்கில் நாய், பூனை. சனிக்கிழமையானால் குதிரை. தமிழ்க் குடும்பங்களில் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. குதிரை டாக்டர் என்றால் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அவர் இனிமையான பெண்மணி என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண விஷயத்தில் கூட ஆளைச் சோதிப்பார். பீட்சா கொண்டு வருகிற பையன் வழி கேட்டு போன் செய்தால், "நீ எந்தப் பக்கம் பாத்து நிக்கறே?" என்று முதலில் விசாரணை நடக்கும். அவன் நிற்கிற இடத்துக்கு மனத்தால் போய், அவன் மூஞ்சி திரும்பியிருக்கிற திசைக்குத் தானும் திரும்பி, அதற்குப் பிறகுதான் இடமா வலமா என்று சொல்வார். அதற்குள் பீட்சா ஆறிவிடும். "இவகிட்ட வழி கேட்டா வீடு வந்து சேர மாட்டோமுங்க. ஆனா நாம எங்க நிக்கறோம்னு நல்லாத் தெரிஞ்சுக்கலாம்" என்பார் அவர் கணவர். திங்கள் முதல் வியாழன் வரை வேறு ஊரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதிக்கு வந்து போகிறவர், நல்ல மனுஷர்.

ஒரு விநாயகர் சதுர்த்திக்கு என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். பக்கத்து ஊர் பிளானோவிலிருந்து வந்திருந்த ஒரு அங்கிள், என் பிள்ளையாரின் தும்பிக்கையைப் பார்த்துவிட்டு, "ஆகா, வலம்புரி! இதை ரொம்ப ஆசாரமா வச்சுக்கணும். உங்களுக்கு டிரைவ் பண்ணக்கூட டைம் இல்ல, எப்படிம்மா மேனேஜ் பண்றே?" என்று என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். அக்கா கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங் அங்கிள், அது யாரு வலமுங்க?"

"இதென்ன கேள்வி? வலம்னா வலம்தான். இதோ, இந்தப் பக்கம்." தன் வலக்கையை நீட்டிக் காட்டினார்.

"தும்பிக்கை உங்களுக்கா இருக்குது? அவரு நம்மளப் பாத்து உக்காந்திருக்காரு. அவரு சோத்தாங்கை எந்தப் பக்கம்னு அவரு பக்கம் போய் நின்னில்லீங் பாக்கோணும்?"

அங்கிள் நிஜமாகவே எழுந்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்று, எங்களைப் பார்த்துத் திரும்பிக் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிள்ளையார் இடம்புரி. எனக்குப் பெரிய நிம்மதி. அங்கிள் அதற்குப் பிறகு கொழுக்கட்டையில் மும்முரமானார்.

என்னைக் குதிரைகளிடம் இழுத்துக்கொண்டு போனது என் கேமரா. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் படமெடுக்கலாமென்று ஆசைப்பட்டுப் பெரிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மாடிப்படியில் அதைப் பார்த்த அக்கா, "ஜூம் எத்தனை தூரம் வரும்?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை நான் அவர் காரில் இருந்தேன். எனக்கு நாயைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற சுபாவம். அதைச் சொன்னேன். "நாய் உன்னைத் தேடி வரும். இது உன்னைக் கண்டா ஓடும். பயப்படாதே" என்றார்.

டோல்வே முடிந்து, ஃப்ரீவே முடிந்து, கடைசி கேஸ் ஸ்டேஷனும் தாண்டி வடக்கே போனால் ஒரு பழைய குதிரைப் பண்ணை, ராஞ்ச் என்பார்கள். சொந்தக்காரர் இறந்த பிறகு, அவர் வளர்த்த மட்டக்குதிரைகள் பின்னாலிருந்த புல்மேட்டிலும் சதுப்பிலும் தாமாகவே திரிந்து, தாமாகவே பெருகிவிட்டன. காட்டுக்குதிரை என்றும் சொல்ல முடியாது, வீட்டுக்குதிரை என்றும் சொல்ல முடியாது. ஓர் அறக்கட்டளை அவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அதன் சார்பில் அங்கே எல்லாவற்றையும் நடத்துகிறவர் பெரிய தொப்பி போட்ட ஒரு டெக்சாஸ்காரர். எங்களுக்குள் அவர் தொப்பிக்காரர்.

வருஷத்துக்கு ஓரிரு முறை மந்தையை மடக்கி அடைப்புக்குள் கொண்டுவருவார்கள். குளம்பு பார்க்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் எது எது என்று தெரிய வேண்டும். அடையாளம் எழுதாத குதிரை அந்த ஊரில் யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாதது ஏலத்துக்குப் போகும். ஏலத்திலிருந்து எங்கே போகும் என்பதை அக்கா ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

என் வேலை படமெடுப்பது. அக்காவின் வேலை, அச்சடித்த வெற்றுக் குதிரைப் படத்தில் இருக்கிற குதிரையைக் குறிப்பது: நெற்றியில் வெள்ளை, காலில் வெள்ளை, தழும்பு, சுழி. உடம்பில் ஒரு புள்ளி வெள்ளைகூட இல்லாத குதிரைக்குச் சுழிதான் ஒரே அடையாளம். மயிர் சுற்றிக்கொண்டு நிற்கிற அந்த இடம் பிறந்ததிலிருந்து சாகும்வரை நகராது. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கேக்கா" என்று நான் முதல் நாள் சொன்னதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் உறைக்கிறது. "அதுகளும் நம்மளப் பாத்து அப்படித்தான் நெனைக்கும்" என்றார்.

சுழி என்கிற சொல்லில் அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. அது எனக்குத் தெரியவந்த விதம் இது. ஒரு முறை எங்கள் அபார்ட்மெண்டுக்குக் கோயமுத்தூரிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர், குதிரை பார்க்க ஆசைப்பட்டு எங்களோடு வந்தார். வேலியோரம் நின்று ஒரு குதிரையின் முதுகைக் காட்டி, "அம்மா, அது பாடைச்சுழி மாதிரித் தெரியுதே. வெச்சிருக்கற வூட்டுக்கு ஆகாதுங்களே" என்றார்.

"அது நம்மூர் மாட்டுக்குச் சொன்னதுங்கய்யா. அமெரிக்கக் குதிரைக்கு அந்த ஜாதகம் செல்லாது" என்று அக்கா சிரித்தபடிதான் சொன்னார். திரும்பி வரும்போது பெரியவர் பின்சீட்டில் தூங்கிவிட்டார். அக்காவின் கை ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தது.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தாங்க அம்மணி. மொதல்ல வந்த எடம். பையனோட அத்தை பூ வெக்கறேன்னு சொல்லி என்ற பின்னலை ஒதுக்கிப் பாத்தா. பிடரில சுழி. புருஷனுக்கு ஆகாதாம். காபிகூடக் குடிக்காம எந்திரிச்சாங்க."

நான் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன். பெரியவர் எழவில்லை.

"பொறவு வந்தவரு சுழி பாக்கல, என்னையத்தான் பாத்தாரு. கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல மனுஷனுக்கு ஒரு சளி புடிச்சதில்ல. சுழி விலாசம் அம்மணி. இன்னாரு இங்க இருக்காங்கன்னு சொல்லும், அவ்வளவுதான். விலாசத்தைப் படிச்சுட்டு வூட்ல யாரு சாவாங்கன்னு சொல்றவனை என்னன்னு சொல்றது?"

அன்றுதான் எனக்கு ஒன்று தோன்றியது. டெக்சாஸ் வெயிலில் நாங்கள் எல்லோரும் முடியை உச்சந்தலைக்குத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரிவோம். அக்கா மட்டும் கழுத்தை மூடித் தாழ்வாகத்தான் கொண்டை போடுவார், எப்போதும். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த மந்தையில் இரண்டு அக்கா தங்கைகள் இருந்தன. மங்கின மண் நிறம், முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். வெள்ளை கிடையாது, தழும்பு கிடையாது. வளர்த்தி ஒன்று, நடை ஒன்று. வசந்தத்தில் இரண்டுமே குட்டி போட்டன. இரண்டு குட்டிகளும் அதே மண் நிறம், இரண்டும் பெட்டை. அந்த அக்கா தங்கையின் நெற்றிமயிரை ஒதுக்கினால் மட்டும் வித்தியாசம் தெரியும். ஒருத்திக்குச் சுழி வலது கண்ணுக்கு மேலே, இன்னொருத்திக்கு இடது கண்ணுக்கு மேலே. தொப்பிக்காரர் இரண்டையும் ஏதோ இனிப்புப் பண்டத்தின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மாற்றி மாற்றி. அக்கா வைத்த பெயர்கள் சோத்தாங்கைக்காரி, நொட்டாங்கைக்காரி.

"குதிரைக்கு ஏதுக்கா சோத்தாங்கை? அது எந்தக் கையால சாப்பிடுது?"

"பேரு வெக்கறவளுக்குக் கையிருக்கில்ல?"

நொட்டாங்கைக்காரி மனுஷ வாடை பட்டாலே காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கும். சோத்தாங்கைக்காரி வேறு பிறவி. அக்கா வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும். குட்டியை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்து, பின்னாலிருந்து அவர் கொண்டையை மோந்து பார்க்கும். அக்கா திரும்ப மாட்டார். நிமிஷக்கணக்கில் அப்படியே நிற்பார்கள் இரண்டு பேரும். யாரும் தொடக்கூடாத இடம் அது அவருக்கு. அதுமட்டும் தொட்டது. அக்கா உலகத்தில் யாரையாவது கொஞ்சினார் என்றால் அந்தக் குதிரையைத்தான், அதுவும் கையால் தொடாமல்.

அந்த இலையுதிர் காலத்தில் மந்தையை மடக்கி எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் வைக்கிற அடையாளச் சிப் வந்து சேரவில்லை. அடுத்த முறை வைத்துக்கொள்ளலாம் என்று தாளில் மட்டும் குறித்துவிட்டு விட்டுவிட்டார்கள். குதிரை ஈ கடித்துப் பரவுகிற ரத்தநோய் ஒன்று இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. வந்த குதிரை பார்க்க நன்றாகவே இருக்கும், வாழ்நாள் முழுக்க மற்றவற்றுக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கும். அதற்கான பரிசோதனை அது. ஒரு குழாயில் நோய் இருப்பதாகப் பதில் வந்தது. குழாய்க்குரிய தாளில் அக்காவின் எழுத்து: மண் நிறம், வெள்ளை இல்லை, சுழி வலது கண்ணுக்கு மேல்.

உறுதி செய்ய அதே குதிரையிடம் இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வேண்டும். உறுதியானால் சட்டத்தில் இரண்டே வழி. ஊசி போட்டு முடிப்பது, அல்லது சாகும்வரை வேறு குதிரை கிட்டவே வராத தனிக்கொட்டில். அதுவரை மந்தையிலிருந்து ஒரு குதிரையும் வெளியே போகக்கூடாது. தத்தெடுக்கக் காத்திருந்த குடும்பங்கள் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் ரத்தம் எடுக்கிற நாளில் அக்காவால் போக முடியவில்லை. கிரீன் கார்டுக்குக் கைரேகை கொடுக்க அன்றைக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். முன்பே ஒரு முறை போனபோது, மெஷின் அவர் விரலைப் படிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருந்தது. வருஷக்கணக்காக சோப்பும் மருந்தும் பட்டு ரேகை தேய்ந்துவிட்டது. "ஊர்க் குதிரைக்கெல்லாம் அடையாளம் எழுதறேன். என்ற அடையாளத்தைப் படிக்கத்தான் ஆளில்ல" என்று என்னிடம் விரல்களை விரித்துக் காட்டினார். இந்த முறையும் தவறினால் இத்தனை வருஷக் காத்திருப்பு என்னாவது? போய்த்தான் ஆக வேண்டும்.

அக்கா அங்கே வரிசையில் நிற்கும்போது தொப்பிக்காரர் போனில் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு அக்கா தங்கையில் எது என்று. போனை அணைக்கச் சொல்லிக் காவலாளி பக்கத்தில் நிற்கிறார். அக்கா அவசரமாக, "சுழி ரைட் சைடு. ரைட்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அணைத்துவிட்டார்.

அந்த வார நடுவில் பதில் வந்தது. நோய் இல்லை. முதல் முறை பரிசோதனையில்தான் ஏதோ பிசகு என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நான் கேசரி கிண்டி டப்பாவில் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது தொப்பிக்காரர் கை இரண்டையும் உயர்த்திக்கொண்டு வந்தார். "குட் நியூஸ், டாக்!" அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். தன்னார்வலர்கள் அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள். அக்காவுக்குக் கட்டிப்பிடித்தால் கூசும். அன்றைக்கு எல்லோரையும் அனுமதித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தனி அடைப்பில் நின்ற குதிரையிடம் போய், வழக்கம்போல வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குதிரை வரவில்லை. காதை மடக்கிக்கொண்டு கடைசி மூலைக்குப் போய் ஒண்டியது.

அக்கா மெதுவாகத் திரும்பினார். "அம்மணி, நெத்தியை ஜூம் பண்ணு."

காற்று அடித்து நெற்றிமயிர் விலகுகிற நேரம் பார்த்து எடுத்தேன். கேமராவின் திரையை இருவரும் குனிந்து பார்த்தோம். சுழி எங்களுக்கு வலப்பக்கம் இருந்தது. எங்களுக்கு.

தொப்பிக்காரர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. ரைட் என்று சொன்னார்கள். குதிரைக்கு முன்னால் நின்றார். தன் ரைட்டில் சுழி உள்ள நொட்டாங்கைக்காரியைப் பிடித்துக் கட்டினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், பிளானோ அங்கிள் உட்பட.

"ரைட்டுன்னு மட்டும் சொன்னேன்" என்றார் அக்கா. "யாரோடதுன்னு சொல்லாம வந்துட்டேன். வாழ்நாள்ல ஒரு தடவை."

பின்னால் யாரோ பாட்டுப் போட்டார்கள். மந்தை தூரத்தில் புல்மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு மண்நிறப் புள்ளி, அதன் பக்கத்தில் ஒரு சின்ன மண்நிறப் புள்ளி.

"டிலீட் பண்ணிடட்டாக்கா?" என்றேன்.

யோசித்துத்தான் கேட்டேன். இன்றைக்கு நின்றாலும் அதையேதான் கேட்பேன். சோத்தாங்கைக்காரி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா அப்படிச் சிரித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்தார்.

"அவ பக்கம் நின்னு பாத்தா, பண்ணுன்னு சொல்லத் தோணுது" என்றார். "மத்ததுக பக்கம் நின்னு பாரு. அதுகளுக்குத் தெரியாது, எந்த ஈ யாரைக் கடிச்சுட்டு வருதுன்னு. நமக்குத் தெரியும். அந்தக் குட்டிக்கும் தெரியாது."

"அக்கா..."

"எல்லாரு சோத்தாங்கையும் ஒரே பக்கம் இருந்தாத் தேவலை அம்மணி. இருக்கறதில்ல."

எழுந்து அடுப்புப் பக்கம் போனார். அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. தொப்பிக்காரரை எதிரில் நிற்க வைத்து, அவர் வலது தோளைத் தொட்டு, தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். அவர் முதலில் மறுத்துத் தலையாட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். என் கேசரி டப்பா திறக்கப்படாமலே திரும்பி வந்தது.

சோத்தாங்கைக்காரியைப் பிடிக்க ஆள் விரட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாள் அக்கா மேட்டுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அது வந்தது. கொண்டையை மோந்து பார்த்தது. அவர் பின்னாலேயே நடந்து அடைப்புக்குள் நுழைந்தது, குட்டியும் அதன் பின்னால். கயிறு போடாமல் ஒரு குதிரை தன் ரத்தத்தைக் கொடுக்க நடந்து வந்ததை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

நோய் உறுதியானது. தொப்பிக்காரர் தனிக்கொட்டில் கட்டித் தருவதாகச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார், மரம்கூட வாங்கிவிட்டார். முடிவை அறக்கட்டளை அக்காவிடமே விட்டது. அக்கா ஒரு முழுப்பகல் அந்தக் கொட்டிலுக்காக ஒதுக்கிய இடத்தில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் புல்மேடு தெரியாது. மந்தையின் கனைப்பு கேட்காது. பையில் கொண்டுபோன தயிர்சாதத்தைத் தொடவில்லை. திரும்பி வந்து, "மந்தை இல்லாம அவ அங்க நிக்க மாட்டா. ஒடம்பு மட்டும்தான் நிக்கும்" என்றார்.

ஊசியை அவரே போட்டார். கிளினிக் டாக்டர் ஒருவர் நான் செய்கிறேன் என்றதற்கு, "நான் வந்தாத்தான் அவ வருவா" என்று சொல்லிவிட்டார். காலை வெயில். குட்டியை முன்தினமே பிரித்துத் தனியாக வைத்திருந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு, வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். குதிரை வந்து கொண்டையை மோந்தது. அன்றைக்கு என்னவோ உதட்டால் பிடித்து இழுக்கவும் செய்தது. கொண்டை அவிழ்ந்து முடி ஒரு பக்கமாகச் சரிந்தது. அக்கா அதை அள்ளி முடிந்துகொள்ளவில்லை. அப்படியே நின்று கொடுத்தார். அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சுழியைப் பார்த்தேன். நரை ஓடின பிடரிமயிரில் சின்னதாக ஒன்று. இதற்குப் போயா காபி குடிக்காமல் எழுந்தார்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு அவர் திரும்பி, குதிரையின் கழுத்தில் கை வைத்தார். அதை அவர் கையால் தொட்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அது முழங்கால் மடங்கிச் சாய்கிறவரை கையை எடுக்கவில்லை.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். ஃப்ரீவே வந்ததும், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"சின்ன வயசுல இருந்து சுழி பாக்கறவனுகளோட சண்டை போட்டேன் அம்மணி. விலாசம் விலாசம்னு கத்துனேன். இன்னைக்கு நானே சுழி பாத்துக் கொன்னுட்டு வரேன்."

அப்படியில்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். நோய்தான் கொன்றது, சுழி இல்லை என்று நியாயம் பேசியிருக்கலாம். அவருக்குத் தெரியாத நியாயமா? ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தேய்ந்துபோன அந்த விரல்கள் சில்லென்று இருந்தன.

கிரீன் கார்டு வந்தது. அந்த முறை மெஷின் ரேகையைப் படித்துவிட்டது. வந்த கொஞ்ச நாளில் அவர் கணவருக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கி வேலை நிரந்தரமாயிற்று. இனிமேல் வாரம் முழுக்க ஒரே வீட்டில் இருக்கலாம் என்று கிளம்பிவிட்டார்கள். நான் இன்னும் இர்விங்கில்தான். கேமரா என்னிடம்தான். சனிக்கிழமைகளில் யாரும் கூப்பிடாமலேயே வடக்கே போகிறேன். என் கணவருக்கு அது இன்னும் புரியவில்லை, எனக்கும்தான்.

நோயுள்ள தாயின் பாலில் குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி கழிய மாதங்கள் ஆகும், அதற்கு முன் பரிசோதனையை நம்ப முடியாது என்றார்கள். அதுவரை சோத்தாங்கைக்காரியின் குட்டியைத் தனியாக, அதோடு கூடவே மேய்ந்திருந்த நொட்டாங்கைக்காரியின் குட்டியைப் பக்கத்து அடைப்பில் தனியாக வைத்திருந்தார்கள். பிறகு மறுபடி பரிசோதனை. மந்தை முழுக்க நோய் இல்லை. அந்தக் குட்டிக்கும் இல்லை. அதைத் தத்தெடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. ஆனால் சிப் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் புயலில் வேலி விழுந்து இரண்டு குட்டிகளும் கலந்துபோயின. தாயைப்போலவே இரண்டும் மண் நிறம், ஒரு புள்ளி வெள்ளை கிடையாது, சுழி மட்டும் அததன் தாய்க்கு இருந்த பக்கம். புது டாக்டர் தாளை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தொப்பிக்காரரும் என்னைப் பார்த்தார்.

ஒன்றின் நெற்றியைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். ரயிலில் இருந்தார் போலிருக்கிறது. அடுத்த ஸ்டேஷனின் பெயரை யாரோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"வலது பக்கம் சுழிக்கா" என்றேன்.

"யாரு வலது?"

நான் வேலியைத் தாண்டி உள்ளே போனேன். குட்டியின் பக்கத்தில் அது பார்க்கிற திசையைப் பார்த்து நின்றுகொண்டு, என் கைகளைப் பார்த்தேன்.

"அவளோட சோத்தாங்கைப் பக்கம்."

போனில் ரயில் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து என் கழுத்தில் வெதுவெதுப்பாக மூச்சுப் பட்டது. நான் திரும்பவில்லை.

"அக்கா, மோந்து பாக்குது" என்றேன்.

"நின்னு குடு" என்றார் அக்கா.